இருக்கிற வசதியையே கேட்கிறார்கள்

கேள்வி: திருப்பூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கடைக்காரர்கள் பாக்கிக் கணக்கு எழுதுவதற்கான ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றை நடத்துகிறோம். மளிகைக் கடை, ஹார்டுவேர் கடை, டீக்கடை வைத்திருப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். பட்டியலில் ஒரு வாடிக்கையாளரின் வரியை இடப்பக்கம் தள்ளினால் ‘நினைவூட்டல்’ என்று பச்சைக் கட்டம் ஒன்று வரும். அதைத் தட்டினால் பாக்கித் தொகையோடு வாட்ஸ்அப் செய்தி தயாராகிவிடும். ரொம்பவும் உழைத்துச் செய்த வசதி. ஆனால் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. அதே சமயம் பிளே ஸ்டோரில் ‘பாக்கி கேட்டு மெசேஜ் அனுப்பும் வசதி கொடுங்கள்’ என்று எழுதி மூன்று நட்சத்திரம் போடுகிறார்கள். ஆப்பைத் திறந்ததும் நான்கு பக்க விளக்கம் காட்டலாமா, சிவப்புப் புள்ளி வைக்கலாமா, யூடியூபில் வீடியோ போடலாமா என்று யோசிக்கிறோம். பட்டனாக வைத்தால் திரை நெரிசலாகிவிடும் என்கிறார் எங்கள் டிசைனர். என்ன செய்யலாம்?
வாசகர், திருப்பூர்

பதில்: மூன்று நட்சத்திரம் போட்டவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். உங்களுக்குச் சும்மா ஒரு வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த வசதி வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள், உங்கள் ஆப்பில் அது கண்ணில் படவில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பல கம்பெனிகள் காசு கொடுத்து ஆய்வு நடத்துகின்றன.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸில் புதிதாக என்ன வேண்டும் என்று கேட்டால், வந்து விழுந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளே இருந்தவை. மெனுவுக்குள் மெனு, அதற்குப் பக்கத்தில் டூல்பார் என்று வருடக்கணக்கில் அடுக்கிக்கொண்டே போனதில் எது எங்கே இருக்கிறது என்பது பயனர்களுக்குப் பிடிபடாமல் போய்விட்டது. ஆஃபீஸ் 2007-ல் பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ‘ரிப்பன்’ பட்டையைக் கொண்டுவந்ததன் பின்னால் இந்தத் தலைவலி இருந்தது. பழகிய இடம் மாறிவிட்டதே என்று அப்போது திட்டியவர்கள் ஏராளம். ஆனாலும் மைக்ரோசாஃப்ட்காரர்கள் பழைய மெனுவுக்கு வகுப்பு எடுக்காமல், உள்ளே கிடந்ததை வெளியே எடுத்து வைத்தார்கள்.

என் யோசனையும் அதுதான்: பட்டன் வையுங்கள். விளக்கப் பக்கம், புள்ளி, வீடியோ மூன்றுமே அந்தப் பச்சைக் கட்டத்தை ஒளிந்த இடத்திலேயே விட்டுவிட்டு அதற்கு வழி சொல்லும் வேலை. வழி சொல்லும் செலவில் வசதியையே வெளியே கொண்டுவந்துவிடலாம்.

அதற்கு முன்னால் ஒன்றை இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10-லிருந்து, திரையின் அடியில் மூன்று பட்டன் இல்லாமல் விரல் அசைவாலேயே போனை இயக்கும் முறை இருக்கிறது. அதில் இடது ஓரம், வலது ஓரம் எதிலிருந்து உள்ளே இழுத்தாலும் ‘பின்னால் போ’ என்றுதான் போன் எடுத்துக்கொள்ளும். ஒரு வரியை இடப்பக்கம் தள்ளச் சொன்னால் பலருடைய விரல் வலது ஓரத்தில்தான் தொடங்கும். பச்சைக் கட்டம் வராது, ஆப் மூடிக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆனவர் அந்தப் பக்கமே போக மாட்டார். திரையின் ஒரு பகுதியில் மட்டும் இந்த அசைவை விட்டுக்கொடுக்கும்படி ஆண்ட்ராய்டிடம் கேட்க வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு ஓரத்திலும் மொத்தம் 200 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவைக் குறிக்கும் அலகு) உயரத்துக்கு மேல் அது தராது. நீளமான வாடிக்கையாளர் பட்டியலுக்கு அது எந்த மூலைக்கு? உங்கள் மூவர் போனிலும் பழைய மூன்று பட்டன் முறையே இருந்தால் இந்தக் கோளாறு உங்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

பார்வையற்றவர்கள் நிலை இன்னும் மோசம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் டாக்பேக் போட்டிருக்கும் போனில் ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுவது அடுத்த உருப்படிக்கோ முந்தைய உருப்படிக்கோ போவதற்கான அசைவு. உங்கள் வசதி அவர்களைப் பொறுத்தவரை ஆப்பிலேயே இல்லை. அந்த வரிக்கு ஒரு தனிச் செயலாக இதைப் பதிந்து வைத்தால் டாக்பேக்கின் செயல் பட்டியலில் வந்துவிடும். புரோகிராமருக்குச் சின்ன வேலை. அதைப் பட்டனோடு சேர்த்தே செய்துவிடச் சொல்லுங்கள்.

சரி, இனி முக்கியமான சந்தேகத்துக்கு வருவோம். தெரியாததால் பயன்படுத்தவில்லையா, தெரிந்தும் தயங்குகிறார்களா? இந்த இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கும், அவ்வளவுதான். பிரித்துப் பார்க்க மூன்று இடங்களில் கணக்கு எடுங்கள். பழைய பாக்கி உள்ள வாடிக்கையாளரின் வரி எத்தனை பேர் கண்ணில் பட்டது, அவர்களில் எத்தனை பேர் பச்சைக் கட்டம் வரை வந்தார்கள், எத்தனை பேர் அதைத் தட்டினார்கள். வாடிக்கையாளர் பெயர், தொகை எதுவும் அந்தப் பதிவில் வேண்டாம். நடந்ததா இல்லையா என்பது போதும். முதல் படியிலிருந்து இரண்டாவதற்கு வருவதற்குள் கூட்டம் காணாமல் போனால் வசதி கண்ணில் படவில்லை. கட்டம் வரை வந்துவிட்டுத் தட்டாமல் திரும்பினால் வேறு ஏதோ தடுக்கிறது. பட்டியலைக் கீழே நகர்த்தும்போது கை தவறித் தள்ளி, கட்டம் வந்ததும் பயந்து மூடியவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஒருமுறை தட்டியவர் மறு வாரமும் வருகிறாரா என்பதையும் பாருங்கள். வருகிறார் என்றால் வசதியில் குறையில்லை. அதைக் காட்டுவதில்தான் குறை. வாட்ஸ்அப்புக்குள் போன பிறகு அவர் அனுப்பினாரா, அழித்துவிட்டுத் திரும்பினாரா என்பது உங்கள் ஆப்புக்குத் தெரியாது. அதனால் ‘தட்டியவர்கள்’ எண்ணிக்கையை ‘அனுப்பியவர்கள்’ என்று உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளாதீர்கள்.

எண்ணிக்கை சொல்லாததைக் கடை சொல்லும். நான்கைந்து கடைகளுக்குப் போங்கள், மதியம் மூன்று மணிபோல கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து. ‘நினைவூட்டல் வசதி தெரியுமா?’ என்று கேட்டால் காரியம் கெட்டது. பேர் சொல்லிக் கேட்டால் எல்லாரும் தெரியும் என்பார்கள், அல்லது நீங்கள் சொன்ன வார்த்தையைத் திரையில் தேட ஆரம்பிப்பார்கள். அவர் பாஷையிலேயே ஒரு நிலைமையைச் சொல்லுங்கள்: “அண்ணா, இவரு ரெண்டு மாசமா பாக்கி தரலைன்னு வச்சுக்குங்க. இந்தப் போன்ல என்ன பண்ணுவீங்க?” அப்புறம் வாயை மூடிக்கொண்டு அவர் விரலைப் பாருங்கள். இதுதான் கஷ்டம். நாம் செய்த ஆப் முன்னால் ஒருவர் தடுமாறும்போது “அந்த வரியைத் தள்ளுங்கண்ணா” என்று சொல்லத் துடிக்கும். சொல்லாதீர்கள். பெரும்பாலும் அவர் பெயரைத் தட்டி உள்ளே போவார், பாக்கித் தொகையைப் பார்ப்பார், அந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார். பிறகு ஆப்பை விட்டு வெளியே வந்து வாட்ஸ்அப்பைத் திறந்து கையாலேயே டைப் செய்வார், இல்லாவிட்டால் போன் போடுவார். விரல் முதலில் போய் நின்ற இடம்தான் உங்கள் பட்டனுக்கான இடம்.

தயக்கம் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வசதி போட்டோவுக்கு ஃபில்டர் போடுவதுபோல விளையாட்டாகத் தட்டிப் பார்க்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. பாக்கி கேட்பது ஒரு உறவு விஷயம். கேட்ட விதம் சரியில்லை என்றால் அந்தக் குடும்பம் நாளையிலிருந்து எதிர்க் கடையில் சாமான் வாங்கும். பச்சைக் கட்டத்தைப் பார்த்த கடைக்காரருக்கு முதலில் வரும் பயம், ‘தட்டியதும் மெசேஜ் போய்விடுமோ, அதில் என்ன எழுதியிருக்குமோ’ என்பதுதான். நிஜத்தில் உங்கள் ஆப் செய்தியைத் தயார் செய்து வாட்ஸ்அப்பில் வைக்கிறது. அனுப்பும் பட்டனை அவர்தான் அழுத்த வேண்டும். இது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆகவே பட்டனைத் தட்டியதும் நேராக வாட்ஸ்அப்புக்குத் தாவாமல், செய்தியை முதலில் உங்கள் திரையிலேயே காட்டுங்கள். ‘வணக்கங்க, உங்க கணக்குல 1,240 ரூபாய் பாக்கி இருக்குங்க. வசதிப்படும்போது கொடுத்திருங்க’ என்பதுபோல, உங்கள் ஊர்க் கடைக்காரர் வாயில் வரும்படி இருக்கட்டும். திருத்த இடம் கொடுங்கள். கீழே ‘நீங்கள் அனுப்பினால்தான் போகும்’ என்று ஒரு வரி. பயத்தால் பாதியில் நின்றவர்களை இந்த ஒரு வரி நகர்த்தும். விளக்கப் படங்களால் அது ஆகாது.

இப்போது உங்கள் டிசைனரின் கவலை. நெரிசல் என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நூறு வரிகளிலும் பச்சைப் பட்டன் இருந்தால் திரையைப் பார்க்கவே முடியாது. ஆனால் நூறு வரிகளுக்கும் அது தேவையில்லையே. பாக்கியே இல்லாதவர், நேற்றுத்தான் கடன் வாங்கியவர், இவர்களிடம் யாரும் பாக்கி கேட்கப் போவதில்லை. முப்பது நாளோ நாற்பது நாளோ ஆன பாக்கிக்கு மட்டும் வரியின் வலப்பக்கம் பட்டன் தெரியட்டும். எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரே மாற்றிக்கொள்ளலாம். பட்டியல் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும், பட்டன் இருக்கும் வரிகள் பழைய பாக்கியைத் தானாகவே எடுத்துக்காட்டும். உங்களுடைய பயனர்கள் எல்லாருமே தினமும் விற்கும் சாமானைக் கை எட்டும் இடத்தில் வைக்கத் தெரிந்தவர்கள்; இந்த ஏற்பாடு அவர்களுக்கு உடனே புரியும்.

வாடிக்கையாளரின் தனிப் பக்கத்தில் பட்டன் எப்போதும் இருக்க வேண்டும், தொகைக்கு நேர் கீழே. அங்கே நெரிசல் பேச்சே இல்லை. மூன்று புள்ளி மெனுவுக்குள் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதன்மை மெனுவை ஒளித்து வைத்த இணையதளங்களில், அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததை பயனர் அனுபவத்தை ஆராயும் நிறுவனமான நீல்சன் நார்மன் குழுமம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. தள்ளிப் பார்க்கச் சொல்வதைவிட மூன்று புள்ளி எவ்வளவோ மேல். ஆனாலும் பாக்கி வசூல் போன்ற முக்கியமான வேலையை அங்கே ஒதுக்கக் கூடாது.

பட்டனில் ஐகான் மட்டும் வேண்டாம். மணிப் படம் போட்டால் நோட்டிஃபிகேஷன் என்று நினைப்பார்கள், பேப்பர் ராக்கெட் போட்டால் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எழுத்தில் எழுதுங்கள். ‘நினைவூட்டல்’ என்பதற்குப் பதிலாக, ரிவ்யூவில் அவர்களே எழுதியதை எடுத்து ‘பாக்கி கேள்’ என்று போடலாம்; சின்ன போனிலும் ஒரே வரியில் அடங்கும். உயரம் 48 டிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். எண்ணெய் தூக்கைக் கீழே வைத்த கையோடு போனைத் தொடுகிறவர்கள் அவர்கள்.

தள்ளும் முறையைத் தூக்கிவிட வேண்டுமா? வேண்டாம். பழகியவர்களுக்கு அது வேகமான குறுக்குவழி. ஏற்கெனவே பயன்படுத்தும் சிலரிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. விரல் அசைவு மட்டுமே ஒரே வழியாக இருப்பதுதான் கோளாறு. இணைய உள்ளடக்க அணுகல் விதிகளின் 2.2 பதிப்பு (அக்டோபர் 2023) இழுத்துச் செய்யும் வேலைகளுக்கு இழுக்காமல் செய்யும் மாற்று வழியும் வேண்டும் என்கிறது. உங்கள் ஆப்பை யாரும் அந்த விதியை வைத்துச் சோதிக்கப் போவதில்லைதான், ஆனால் விதி சரியான விதி.

விரல் அசைவுகள் எப்படிப் பரவின என்று பார்த்தால் ஒன்று புரியும். முதல் ஐபோனில் (2007) பூட்டைத் திறக்க விரலைத் தள்ள வேண்டும். ஆப்பிள் அதை ஊகித்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிடவில்லை. தள்ளுங்கள் என்று எழுத்தில் போட்டு, அம்புக்குறி வைத்து, எழுத்தின் மேல் வெளிச்சம் ஓட விட்டார்கள். அதே ஆப்பிள் 2015-ல் ஐபோன் 6எஸ்ஸில் ‘3டி டச்’ கொண்டுவந்தது. திரையை அழுத்தினால் கூடுதல் மெனு வரும். அழுத்தத்தை உணர்வதற்கென்றே திரைக்கடியில் தனி சென்சார். ஆனால் எதை அழுத்தினால் என்ன வரும் என்பதற்குத் திரையில் ஒரு அடையாளமும் கிடையாது. 2019-ல் ஐபோன் 11 வரிசை வந்தபோது அந்த சென்சாரையே எடுத்துவிட்டார்கள். அது போனதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் பலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நீங்கள் பின்பற்ற வேண்டிய மாதிரி தினமும் கையில் இருக்கிற வாட்ஸ்அப். குரல் செய்திக்கு மைக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே பாடம் எடுத்தது கிடையாது. தெரியாமல் சும்மா தட்டியவருக்கு, அழுத்திப் பிடிக்கச் சொல்லும் ஒரு வரி அந்த இடத்திலேயே வந்து போகும். பிடித்த பிறகு விரலுக்கு மேலே ஒரு பூட்டுப் படம் தோன்றும். அதை நோக்கி நகர்த்தினால் விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். தேவைப்படும் நொடியில், விரல் இருக்கும் இடத்தில், அடுத்த ஒரே ஒரு படியை மட்டும் காட்டுகிறார்கள். உங்கள் குறுக்குவழிக்கும் அதையே செய்யுங்கள். ஒருவர் ‘பாக்கி கேள்’ பட்டனை நாலைந்து முறை பயன்படுத்திப் பழகிய பிறகு, பட்டியலுக்குத் திரும்பும்போது அந்த வரி லேசாக இடப்பக்கம் நகர்ந்து பச்சை ஓரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பட்டும். கூடவே ‘வரியைத் தள்ளியும் கேட்கலாம்’ என்று ஒரு வரி. வெறும் அசைவு மட்டும் என்றால் போன் ஏதோ சொதப்புகிறது என்று நினைப்பார்கள்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்க விளக்கம் வேண்டாம். ஆப்பை முதன்முதலாகத் திறப்பவரிடம் வாடிக்கையாளர் பட்டியலே இல்லை, தள்ளுவதற்கு ஒரு வரிகூட இல்லை, கேட்பதற்குப் பாக்கியும் இல்லை. அந்த நேரத்தில் பாக்கி கேட்பதைப் பற்றிச் சொன்னால் யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? ‘தவிர்’ எங்கே இருக்கிறது என்றுதான் கண் தேடும். சிவப்புப் புள்ளியும் வேண்டாம். எல்லா ஆப்பிலும் புள்ளி, தட்டினால் விளம்பரம் என்று பழகிப்போய் மக்கள் அதைத் துடைத்துவிடுவதற்காகவே தட்டுகிறார்கள். வீடியோ போடுங்கள், தப்பில்லை. உங்கள் விற்பனை ஆள் கடைக்காரருக்கு அனுப்பப் பயன்படும். ஆனால் பிரச்சினை அதனால் தீராது.

விளக்கம் என்று ஒன்று வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரே ஒரு குறிப்பு வையுங்கள், நிபந்தனையோடு. பாக்கி பழசாகிவிட்ட ஒருவருடைய பக்கத்தைக் கடைக்காரர் திறக்கும்போது, பட்டனைச் சுட்டி ஒரு வரி. இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். பட்டனைப் பயன்படுத்திவிட்டால் அப்புறம் எப்போதும் வேண்டாம். ஐபோன் ஆப்களில் இப்படிக் குறிப்பு காட்டுவதற்காக ஆப்பிள் 2023-ல் தந்த டிப்கிட் என்ற கருவித்தொகுப்பில் இந்த நிபந்தனைகளெல்லாம் ஆயத்தமாகவே உண்டு. உங்கள் ஆப் ஆண்ட்ராய்டு என்பதால் எத்தனை முறை காட்டினோம், பயன்படுத்தினாரா என்று நீங்களே குறித்துவைக்க வேண்டியிருக்கும். இன்னொன்று: கணக்கு எழுதும் திரையின் மேல் எதுவும் வந்து விழக்கூடாது. எதிரில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார். பாக்கி கேட்கச் சொல்லும் குறிப்பு அவர் கண்ணிலேயே பட்டால் கடைக்காரருக்குத் தர்மசங்கடம்.

நாளும் முக்கியம். உங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். பாக்கி கேட்க ஏற்ற நேரம் எது என்று கடைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சனிக்கிழமை காலையில் ஆப்பைத் திறந்ததும் பட்டியலின் மேல் ‘பழைய பாக்கி: 7 பேர்’ என்று ஒரு பட்டை இருந்தால், தட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகலாம். சம்பள நாளை அவரே தேர்ந்துகொள்ளட்டும். மாதச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் கடை இருந்தால் மாத முதல் வாரம்தான் சரி.

எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் விட்டுவிடாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் கணக்கெடுப்பு மட்டும் போகட்டும். அதற்கடுத்து பட்டனும் செய்தி முன்பார்வையும். பிளே கன்சோலில் புது வெர்ஷனைப் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் அனுப்பும் வசதி இருக்கிறது; அப்படி அனுப்பி இரண்டு சனிக்கிழமையாவது பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விடுங்கள். குறிப்பு, சனிக்கிழமைப் பட்டை இரண்டும் அதற்குப் பிறகு. பட்டனே போதுமானதாக இருந்தால் குறிப்பு தேவைப்படாமலும் போகலாம்.

எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததும் அந்த மூன்று நட்சத்திர ரிவ்யூக்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் போடுங்கள். பிளே ஸ்டோரில் பதிலுக்கு 350 எழுத்துதான் இடம். ‘இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். அது ‘உங்களுக்குத்தான் தெரியவில்லை’ என்பதுபோல இருக்கும். பட்டன் எந்தப் பக்கத்தில், எதற்குக் கீழே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பதில் போட்டதும் அவர்களுக்குத் தகவல் போகும், நட்சத்திரத்தையும் அவர்கள் மாற்றிக்கொள்ள முடியும். மாற்றச் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.